சாம்பலுக்கும் ரயில் கட்டணம்

மின்சாரக் கட்டணம் உயரும்போதெல்லாம் நிலக்கரி விலை மீது பழி விழுகிறது. கரி வந்து சேரும் கூலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி வெப்பத்துக்குச் சமம். அனல் மின் நிலையம் எரிப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. நம் நாட்டுக் கரி பெரும்பாலும் கிலோவுக்கு 4,000 கிலோகலோரி தரும் ரகம். ஆக, யூனிட்டுக்குச் சுமார் 650 கிராம் கரி வேண்டும். வெளியேறும் கரியமில வாயுவோ ஏறத்தாழ 1 கிலோ. காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்வதால் எடை கூடுகிறது.

இந்தக் கரியில் நூற்றுக்கு 35 பங்கு சாம்பல். 58 வேகன் கொண்ட சரக்கு ரயிலில் 20 வேகன் சாம்பலே பயணம் செய்கிறது என்று பொருள்! தால்சேரிலோ கோர்பாவிலோ ஏற்றி ஆயிரம் கிலோமீட்டர் இழுத்தாலும் அதற்கும் முழுக் கட்டணம்தான்.

500 கிலோமீட்டருக்கு அப்பால் செல்லும் கரியில் சாம்பல் 34 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2014இல் விதி வந்தது. கழித்த கரி வேறெங்கோ எரிக்கப்படுவதால் பயனில்லை என்று 2020 மே மாதம் அது கைவிடப்பட்டது. வாதத்தில் நியாயம் உண்டு. கூலிச் சுமைக்கு அது பதிலாகாது.

கரியின் விலை 2012 முதல் வெப்பத்தை அளந்தே நிர்ணயமாகிறது. டன்னுக்கு 400 ரூபாய் என்றிருந்த வரியும் 2025 செப்டம்பரில் நீங்கிவிட்டது. ரயில் கட்டணம் மட்டும் இன்னும் எடைக்கே.