துண்டை வீசினால் மானம் போகாது!

திண்டுக்கல், மே.

"அடிடா! விடாதே! ஏறி அடி!" என்று கத்த ஆயிரம் பேர் உண்டு. "போதும்டா தம்பி, இறங்கு" என்று சொல்ல ஒரே ஒருவர்தான் உண்டு. அவர்தான் மாஸ்டர். அவரும் வாயை மூடிக்கொண்டால் பையன் கதி என்ன?

திண்டுக்கல் டவுனிலும் சுற்றுப்பட்டியிலும் கராத்தே, சிலம்பம், குத்துச்சண்டை படிக்கப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சென்னையில் நடந்தது

2022 ஆகஸ்டு மாதம் சென்னையில் தேசிய கிக்பாக்சிங் போட்டி நடந்தது. அருணாசலப் பிரதேசத்து வாலிபர் ஒருவர் தலையில் அடிபட்டுச் சுருண்டு விழுந்தார். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் பெங்களூரில் மைசூர் வாலிபர் ஒருவர் இதேபோல் பலியானார். இரண்டு மாதத்தில் இரண்டு உயிர்! இரண்டு பேருமே மெடல் வாங்கக் கிளம்பிய இளவட்டங்கள்.

ஒரே ஒரு ரவுண்டு பாக்கி

1975 அக்டோபர் 1-ந் தேதி மணிலாவில் முகமது அலியும் ஜோ பிரேசியரும் மோதினார்கள். உலகப் பட்டத்துக்கான சண்டை. மொத்தம் 15 ரவுண்டு. 14 முடிந்தபோது பிரேசியரின் கண்கள் வீங்கிப் பார்வை மறைந்துவிட்டது. அவரோ "விடுங்கள், நான் ஆடுகிறேன்" என்று துடித்தார். பயிற்சியாளர் எடி பட்ச் மசியவில்லை. சண்டையை நிறுத்திவிட்டார். பட்டம் போயிற்று. ஆனால் பிரேசியர் அதன்பின் 36 வருஷம் வாழ்ந்து 2011-ல்தான் காலமானார்.

2019 ஜூலையில் அமெரிக்காவில் ரஷிய வீரர் தாதாஷேவ் 11 ரவுண்டு வரை அடி வாங்கினார். "போதும்" என்று பயிற்சியாளர் கெஞ்சியபோதும் தலையை ஆட்டி மறுத்தார். பயிற்சியாளர் நிறுத்தியே விட்டார். அப்படியும் நாலு நாளில் உயிர் போய்விட்டது. நிறுத்துவது மட்டும் போதாது, நேரத்தோடு நிறுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆடுகிற பையனுக்கு ரத்தம் சூடேறி இருக்கும். வலி தெரியாது. "முடியும் மாஸ்டர்" என்றுதான் சொல்வான். அவன் பேச்சைக் கேட்டு முடிவு செய்வதற்கு மாஸ்டர் எதற்கு?

கோப்பை ஆசை

சில இடங்களில் நடப்பது வேறு. கோப்பை வந்தால்தான் நோட்டீசில் போடலாம், அடுத்த வருஷம் ஆள் சேர்க்கலாம் என்ற கணக்கு. எடை குறைந்த பையனைப் பெரியவனோடு மோத விடுவது, எடையைக் குறைக்கத் தண்ணீர் குடிக்காதே என்பது, நேற்று தலைசுற்றி விழுந்தவனை இன்று மறுபடி ஏற்றுவது எல்லாம் வீரம் அல்ல, விபரீதம்!

தலையில் கவசம் இருக்கிறதே என்று சொல்வதும் தப்பு. கவசம் காயத்தைக் குறைக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. அடிபட்டபின் தலைவலி, வாந்தி, பேச்சுக் குளறல், தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் ஆளையே முடித்துவிடும்.

அப்பா, அம்மா கேட்கட்டும்!

பீஸ் கட்டும்போதே கேளுங்கள்: போட்டி நடக்கும் இடத்தில் டாக்டர் உண்டா? ஆம்புலன்ஸ் நிற்குமா? அடிபட்ட பையனுக்கு எத்தனை நாள் ஓய்வு? கேட்டால் கோபிக்கிற மாஸ்டரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் வந்தது எப்படி? பூட்ட வேண்டிய நேரத்தில் கச்சிதமாகப் பூட்டியதால்தான். மாஸ்டருக்கும் அந்தப் பெயர் வேண்டும். கோப்பை போனால் அடுத்த வருஷம் வாங்கலாம். பிள்ளை போனால் எந்தக் கடையில் வாங்குவது?