கீழாநெல்லிக்கு யார் ஓனர்?

திருமங்கலம் என்றால் உங்களுக்கு 2009 இடைத்தேர்தலும், அதில் பிறந்த 'ஃபார்முலா'வும்தான் ஞாபகத்துக்கு வரும். ஊர்க்காரனான எனக்கு அதைக் கேட்டாலே கூச்சமாக இருக்கும். எங்கள் ஊரில் அதைவிடப் பழைய ஃபார்முலா ஒன்று உண்டு. விலை பத்து ரூபாய்.

போன மாசம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாக்கு விரித்துக் கீரை விற்கும் ஆத்தா ஒருவரிடம் கீழாநெல்லி வாங்கினேன். "யாருக்கு தம்பி மஞ்சக்காமாலை? வேரோட அரைச்சு மோர்ல கலக்கிக் குடு. நாலு நாள்ல கண்ணு வெளுக்கலேன்னா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரு. இதையே நம்பி உக்காந்திராத" என்றார்.

மருந்து, செய்முறை, எச்சரிக்கை, எல்லாம் சேர்த்துப் பத்து ரூபாய். கன்சல்ட்டிங் ஃபீஸ் தனியாகக் கிடையாது.

அந்தக் கடைசி வாக்கியம் என் மாமாவுக்குக் கிடைக்கவில்லை. கல்லூரியில் படிக்கும்போது எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. அப்பத்தா கீழாநெல்லி கொடுத்தார், மூணே வாரத்தில் எழுந்துவிட்டேன். "இது சாதாரண வைரஸ். எதுவும் கொடுக்காமல் இருந்தாலும் சரியாகியிருக்கும்" என்றார் டாக்டர். நாங்கள் கேட்கவில்லை. அடுத்த வருஷம் மாமாவுக்குக் கண் மஞ்சளானதும் அதே இலை, அதே மோர், நாற்பது நாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது ஈரல் கெட்டுப் போயிருந்தது. அவருக்கு வந்தது ஹெபடைடிஸ் பி. அவர் திரும்பி வரவில்லை.

எனவே, நான் மூலிகை பக்தன் இல்லை. அதே சமயம், "இலை தழை வைத்தியம்" என்று உதட்டைப் பிதுக்கும் கூட்டத்திலும் சேர மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

1988-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கிய ப்ளம்பர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விஷயம், நம்ம கீழாநெல்லி. வைரஸை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் காணாமல் போயிருந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. கதை இன்னும் முடியவில்லை. ஆனால், நோபல் விஞ்ஞானியை அந்தச் செடியின் முன்னால் உட்கார வைத்தது யார்? நம் அப்பத்தாக்கள்தான்.

சர்ப்பகந்தி வேர் கதையும் இதுதான். நாட்டு வைத்தியர்கள் பல தலைமுறையாகக் கொடுத்து வந்ததை, பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளிடம் சோதித்து 1949-ல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். ரத்த அழுத்தம் குறைகிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தது. நம் தென் மாவட்டக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளையும் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று ஜமைக்கா மக்கள் அதன் இலையை டீ போட்டுக் குடித்தார்கள். அதைச் சோதிக்கப் போன கனடாக்காரர்கள் கண்டுபிடித்தது புற்றுநோய் மருந்து! ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளை இன்றும் காப்பாற்றும் மருந்துகளில் ஒன்று அந்தச் செடியிலிருந்துதான் வருகிறது. பாட்டி சொன்ன நோய் வேறு, தீர்ந்த நோய் வேறு. ஆனால், விரலை நீட்டி "இந்தச் செடியைப் பார்" என்றது பாட்டிதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் பி.காம். எந்தக் கதையைக் கேட்டாலும் வரவு என்ன, செலவு என்ன, பாக்கி யாருக்கு என்றுதான் புத்தி போகும். இந்தக் கதைகளில் எல்லாம் லாபம் எழுதியிருக்கிறது. பாக்கிக் கணக்கை மட்டும் காணோம்.

உடனே "அமெரிக்காக்காரன் மஞ்சளைத் திருடினான்" என்பீர்கள். உண்மை. 1995-ல் காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்தார்கள். நம் அரசின் சி.எஸ்.ஐ.ஆர். போராடி 1997-ல் ரத்து செய்ய வைத்தது. வேப்பெண்ணெய் பேட்டன்ட்டை ஐரோப்பா 2000-ல் ரத்து செய்தது. கை தட்டினோம், தட்ட வேண்டியதுதான். வெளியூர்த் திருடனைப் பிடித்தாயிற்று. வீட்டுக்குள் இருக்கும் கடனைப் பற்றி யார் பேசுவது?

பொதிகை மலைக்கு வாருங்கள். 1987 டிசம்பரில் கேரளப் பக்கம் ஒரு விஞ்ஞானிகள் குழு மலை ஏறியது. கூட வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு சின்னக் காயை மென்றுகொண்டே சலிக்காமல் நடந்தார்கள். மூச்சு வாங்கிய விஞ்ஞானிகளும் வாங்கித் தின்றார்கள், தெம்பு வந்தது. "என்ன செடி?" முதலில் சொல்லவில்லை. அது அவர்கள் குல ரகசியம். கெஞ்சிக் கேட்டபிறகு காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை!

பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை ஆர்ய வைத்திய ஃபார்மசிக்கு உரிமம். கட்டணம் 10 லட்ச ரூபாய், ராயல்டி 2 சதவிகிதம். அதில் பாதி காணிகளுக்கு. 1997-ல் அவர்களுக்காக அறக்கட்டளை தொடங்கினார்கள். 2002-ல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசும் வந்தது. உலகத்துக்கே முன்மாதிரி என்றார்கள்.

முன்மாதிரிதான், மறுக்கவில்லை. உலகத்தில் பல இடங்களில் அதுகூட நடக்கவில்லை. ஆனால், கணக்கைப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு மருந்து விற்றால், ரகசியத்தைச் சொன்னவனுக்கு ஒரு ரூபாய். செடியைச் சேகரித்துச் சம்பாதிக்கலாம் என்றால் வனத்துறை தடுத்தது. அமெரிக்காவில் வேறு ஒரு கம்பெனி 'ஜீவனி' என்ற பெயரையே டிரேட்மார்க்காகப் பதிய முனைந்தது. 2008-ல் உரிமமும் முடிந்தது. அறக்கட்டளையின் பெயரிலேயே 'கேரள' என்று இருக்கிறது. மலையின் இந்தப் பக்கம், பாபநாசத்துக்கு மேலே மைலாற்றிலும் இஞ்சிக்குழியிலும் இருப்பவர்களும் அதே காணிகள்தான். மலைக்கு நடுவில் ஸ்டேட் பார்டர் போட்டவர்கள் செடியிடமும் கேட்கவில்லை, காணியிடமும் கேட்கவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பல்லுயிர்ச் சட்டம், 2002. அதன் தேசிய ஆணையம் இருப்பதே நம்ம சென்னையில்தான். "பங்கு கொடுக்க வேண்டியது வெளிநாட்டுக் கம்பெனி மட்டும்தான்" என்று வாதாடிய திவ்யா ஃபார்மசியிடம், "உள்நாட்டுக்காரனும் கொடுக்க வேண்டும்" என்று 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் சொன்னது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2023-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஏட்டில் எழுதப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்தினால் பங்கு தர வேண்டாமாம்!

இந்த ஒரு வரியில்தான் சூட்சுமம். சுவடிக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது? மலையிலும் வயல்வரப்பிலும் இருந்தவன் தின்று பார்த்து, சிலர் செத்துப் பார்த்து, சேர்த்த அறிவு அது. எழுதத் தெரிந்தவன் எழுதினான். எழுதியதாலேயே சொன்னவனுக்குப் பங்கு இல்லை என்பது எந்த ஊர் நியாயம் சார்? "எல்லாம் எங்கள் ஓலைச்சுவடியிலேயே இருக்கிறது" என்று மேடையில் மார் தட்டுபவர்கள், சுவடியின் பெயரால் காணியின் பங்கு போவதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இது நம்ம ஊர் நோய் மட்டும் இல்லை. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் பூர்வகுடிகள் மாப்புச்சே மக்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சோப்பாகப் பயன்படுத்திய ஒரு மரப்பட்டையின் நுரைப்பொருள்தான், இன்று அக்கி அம்மைத் தடுப்பூசியிலும் மலேரியாத் தடுப்பூசிகளிலும் வீரியம் கூட்டச் சேர்க்கப்படுகிறது. அதில் ஒரு மலேரியாத் தடுப்பூசி தயாராவது நம்ம புனேயில். தடுப்பூசியை அவர்கள் கண்டுபிடிக்கவில்லைதான். மரத்தைக் காட்டிக்கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, சோதியுங்கள். பலன் இருந்தால் இருக்கிறது என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும் உரக்கச் சொல்லுங்கள். என் மாமாவைப் போல இன்னொருவர் போகக் கூடாது. இரண்டு, மருந்தின் லேபிளில் காணி என்றோ பளியர் என்றோ, யார் காட்டிய செடியோ அவர்கள் பெயரைப் போடுங்கள். மூன்று, பங்கைக் கொடுங்கள். ஏட்டில் இருந்தாலும், வாய்மொழியாக இருந்தாலும் கொடுங்கள். பெயரும் பங்கும் இல்லாவிட்டால் நாளைக்கு எந்தக் காணி எந்தச் செடியைக் காட்டுவான்? அவன் பிள்ளைதான் அதைக் கற்றுக்கொள்ள ஏன் மெனக்கெடுவான்?

காமர்ஸில் 'குட்வில்' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். கண்ணுக்குத் தெரியாத சொத்து. தொழில் கை மாறும்போது அதற்கும் விலை போட வேண்டும். பாட்டிகளின், காணிகளின் குட்வில் மட்டும் இலவசமாகவே கை மாறிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு ஆத்தாவிடம் இருபது ரூபாய்த் தாளை நீட்டினேன். சுருக்குப்பையைத் துழாவிப் பத்து ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார். "மிச்சம் இருக்கட்டும் ஆத்தா" என்றேன்.

"எனக்கு எதுக்குய்யா உன் காசு? இந்தா, பிடி."

ஆத்தாவின் கணக்கு சரியாக இருக்கிறது. நம் கணக்குத்தான் உதைக்கிறது.