பாட்டி ஊற்றிய பெயின்ட்

கேன்வாஸைப் படுக்க வைத்து, டம்ளரில் கலந்த பெயின்ட்டை அப்படியே கவிழ்த்து ஓவியமாக்கும் வீடியோக்களை போனில் பார்த்திருப்பீர்கள். 80 வருடங்களுக்கு முன்பே, அமெரிக்காவின் புரூக்ளினில் ஒரு பாட்டி இதைச் செய்திருக்கிறார். அவர் பெயர் ஜேனட் சோபெல்.

1893-ல் இன்றைய உக்ரைனில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். கலவரத்தில் அப்பாவைப் பறிகொடுத்த குடும்பம் 1908-ல் நியூயார்க் வந்து சேர்ந்தது. பிறகு கல்யாணம், ஐந்து குழந்தைகள், பேரப்பிள்ளைகள். ஓவியப் பள்ளிப் பக்கமே போனதில்லை.

45 வயதுக்கு மேல், ஓவியம் படித்துக்கொண்டிருந்த மகனின் சாமான்களைத் தொட்டுப் பார்த்தார். அதன்பிறகு கை நிற்கவே இல்லை. பழைய கவர், அட்டை என்று கிடைத்ததில் எல்லாம் வரைந்தார்.

கணவருக்குக் கவரிங் நகை செய்யும் தொழில். அங்கே பயன்பட்ட கண்ணாடிக் குழாய்களில் எனாமல் பெயின்ட்டை எடுத்துச் சொட்டவிட்டார். கேன்வாஸைச் சாய்த்து ஓடவிட்டார். எனாமல் நன்றாக ஓடும் என்பதால், தூரிகையால் இழுக்க முடியாத மெல்லிய கோடுகளும் தானாக விழுந்தன.

பாட்டு கேட்டுக்கொண்டே வரைவது அவர் வழக்கம். 1944-ல் வரைந்த ஓர் ஓவியத்துக்கு ‘மியூசிக்’ என்றே பெயர் வைத்தார். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் இசை தனக்குள் எழுப்பிய உணர்வுதான் அந்த ஓவியம் என்றார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. இசைக் கலைஞரின் முகத்தை வரையாமல், அவருடைய இசையையே வரைந்துவிட்டார்!

1946-ல் நியூயார்க்கில், பெக்கி குகன்ஹைமின் கேலரியில் சோபெலின் தனிக் கண்காட்சி நடந்தது. அவருடைய ஓவியங்களைப் பார்த்து வியந்தவர்களில் ஜாக்சன் போலாக்கும் ஒருவர். பெயின்ட்டை ஊற்றியும் சொட்டவிட்டும் வரைந்த போலாக், 1947-க்குப் பிறகு உலகப் புகழ் பெற்றார். சோபெலின் ஓவியங்கள் போலாக்கின் மனதில் பதிந்ததை விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் பின்னாளில் எழுதினார். ஆனால், அதிலும் சோபெலை இல்லத்தரசி என்றுதான் அறிமுகப்படுத்தினார்.

அதற்குள் சோபெலின் குடும்பம் நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்திருந்தது. பெயின்ட் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது. அவர் ஓவியத்தை விடவில்லை; கிரேயானுக்கு மாறிக்கொண்டார். 1968-ல், பெரிய கவனம் ஏதும் இல்லாமலே காலமானார்.

1945-ல் அவர் வரைந்த ‘மில்கி வே’, இன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. போலாக் தன் புகழ்பெற்ற ‘சொட்டு ஓவியங்களை’ தொடங்குவதற்கு இரண்டு வருடம் முந்தைய ஓவியம் அது.