மின்சாரம் மேனியை இளைக்கச் செய்யுமா?

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது ஆன்றோர் மொழி. அந்தச் செல்வத்தையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம் என்று எண்ணும் காலம் இது. "நீங்கள் நாற்காலியில் சாய்ந்திருங்கள், உங்கள் தசைகளுக்கு மின்சாரமே பயிற்சி கொடுக்கும்" என்று தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் விளம்பரங்கள் நம்மை அழைக்கின்றன. இது உண்மைதானா? எங்கள் வீட்டில் நடந்ததைக் கொண்டே இக்கேள்விக்கு விடை கூற விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில், பலர் முன்னிலையில், என் தாயாரைப் பார்த்து உறவினர் ஒருவர், "என்ன, இப்படிப் பெருத்துப் போய்விட்டாய்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். ஆனால் அன்றிரவே மூவாயிரம் ரூபாய்க்கு வயிற்றில் கட்டிக்கொள்ளும் மின்சார பெல்ட் ஒன்றுக்குச் சொல்லிவிட்டார். அம்மாவின் எடை 84 கிலோ. சர்க்கரை வியாதியும் முழங்கால் வலியும் உண்டு. அதுவரை மாலைதோறும் அரை மணி நேரம் நடந்து வந்தவர், பெல்ட் வந்த பிறகு நடையை நிறுத்திவிட்டார். "அதுதான் எனக்காக வேலை செய்கிறதே!" என்பார். மூன்று மாதம் கழித்து எடை பார்த்தபோது 2 கிலோ கூடியிருந்தது.

அதே சமயத்தில் என் பாட்டி பக்கவாதத்தால் படுத்திருந்தார். பிஸியோதெரபி செய்ய வந்த சகோதரி பாட்டியின் காலில் சிறு பட்டைகளை ஒட்டி மின்சாரம் செலுத்துவார். தொங்கிக் கிடந்த பாதம் மெல்ல மேலே எழும். "பாட்டி, நீங்களும் சேர்ந்து தூக்குங்கள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். சில மாதங்களில் பாட்டி கோலூன்றி நடந்தார்.

ஒரே வீடு, ஒரே மின்சாரம். பாட்டியை அது நடக்க வைத்தது. அம்மாவின் நடையை நிறுத்தியது. காரணம் என்ன?

நம் மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செல்லும் சிறு மின் குறிப்பே தசையைச் சுருங்கச் செய்கிறது. இத்தாலி நாட்டு கால்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு, தம் ஆராய்ச்சியை 1791-ல் வெளியிட்டார். அன்று முதல் இந்த வழி வளர்ந்து வந்திருக்கிறது. 1970-களில் சோவியத் விஞ்ஞானி யாகோவ் கோட்ஸ் விளையாட்டு வீரர்களின் தசைகளை வலுப்படுத்த இதைப் பயன்படுத்தினார். மூளையின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராதபோது, மின்சாரம் அக்கட்டளையை வெளியிலிருந்து தருகிறது. பாட்டிக்கு நடந்தது இதுதான்.

ஆனால் அம்மாவின் தசைகள் தூங்கவில்லையே! அவருக்குக் குறைய வேண்டியது கொழுப்பு. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. வயிற்றுத் தசை மட்டும் சிறிது நேரம் துடிப்பதால் செலவாகும் கலோரி மிகச் சொற்பம். நடக்கும்போதோ கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றின் பெருந்தசைகளும் இருதயமும் நுரையீரலும் சேர்ந்து உழைக்கின்றன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. தோலுக்கடியில் கொழுப்பு தடிப்பாக இருந்தால் மின்சாரம் தசையை எட்டுவது கடினம். யாருக்கு இதை விற்கிறார்களோ, அவர்களுக்கே இது குறைவாகப் பயன்படுகிறது!

2002-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், இத்தகைய மூன்று பெல்ட்டுகளின் விளம்பரங்கள் பொய்யானவை என்று வழக்குத் தொடர்ந்தது. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமும், இக்கருவிகள் தசைக்குத் தற்காலிக உறுதி தரலாமே தவிர, எடை குறைப்பதற்கென்று இவற்றை அனுமதிக்கவில்லை என்று அறிவித்திருக்கிறது.

இப்போது உடல் முழுவதும் மின் பட்டைகள் பொருத்திய உடையை அணிவித்து, இருபது நிமிடம் பயிற்சி தரும் நிலையங்களும் வந்துவிட்டன. இதை அறவே பயனற்றது என்று நான் கூறவில்லை. ஜெர்மனியில் எர்லாங்கன் நகர ஆராய்ச்சியாளர்கள் வயது முதிர்ந்த பெண்களிடம் இதைச் சோதித்து, தசை கூடியதைக் கண்டிருக்கிறார்கள். கடும் பயிற்சி செய்ய இயலாத முதியவர்களுக்கு இது ஒரு துணையாகலாம். ஆனால் முதல் நாளே அளவு மீறினால் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலிருந்து வெளியேறும் பொருள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். கர்ப்பிணிகளும், வலிப்பு நோயாளிகளும், இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் இதன் அருகே போகக் கூடாது. மருத்துவரின் ஆலோசனையோடு கையாள வேண்டிய ஒன்றை, விளம்பரத்தை நம்பி இடுப்பில் கட்டிக்கொள்வது அறிவுடைமை ஆகுமா?

"முழங்கால் வலி உள்ளவர்களை நடக்கச் சொல்வது எளிதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உடற்பருமன் சோம்பலின் அடையாளம் அன்று. பரம்பரை, உணவு, மருந்துகள், தூக்கக் குறைவு என்று பல காரணங்கள் உண்டு. 2022-ல் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் உடற்பருமனோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எட்டில் ஒருவரைச் சோம்பேறி என்று ஒதுக்கிவிட முடியுமா?

இங்கேதான் என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அந்த பெல்ட்டை விற்றது விளம்பரம் மட்டுமன்று. திருமண வீட்டில் எழுந்த அந்தச் சிரிப்பும்தான். அந்தச் சிரிப்பை நானும் சிரித்திருக்கிறேன். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு "பூசணிக்காய்" என்று பட்டப்பெயர் வைத்தவர்களில் நானும் ஒருத்தி. முன்பு எறிபந்து விளையாட ஆவலோடு ஓடி வந்தவள், இப்போது விளையாட்டு நேரத்தில் தலைவலி என்று வகுப்பறையிலேயே அமர்ந்துவிடுகிறாள். நம் வயதினருக்கு நாள்தோறும் 60 நிமிடம் உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 60 நிமிடத்தை அவளிடமிருந்து பறித்தவர்கள் நாங்கள்தாம். சென்ற வாரம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் மைதானத்துக்கு வரவுமில்லை.

எங்கள் வீட்டில் பெல்ட் பரண் ஏறிவிட்டது. மாலையில் அம்மாவும் பாட்டியும் நானும் தெருக்கோடி வரை நடக்கிறோம். பாட்டியின் நடைக்கு ஏற்ப மெதுவாகத்தான் போகிறோம். பிறகு பாட்டியைத் திண்ணையில் அமர்த்திவிட்டு அம்மாவும் நானும் இன்னொரு சுற்று வருகிறோம். நான்கு மாதத்தில் 3 கிலோ குறைந்திருக்கிறது. பெரிய எண்ணிக்கை அன்று. ஆனால் அம்மா இப்போது மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்பதில்லை.

ஆகவே பெற்றோர்களே, இத்தகைய கருவிக்குப் பணம் கட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள். அருட்சகோதரியரே, தேர்வு நெருங்கும்போது எங்கள் விளையாட்டு நேரத்தை வேறு பாடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். அன்புத் தோழியரே, நம்மில் பருத்தவளைக் கண்டால் சிரிக்க வேண்டாம். "விளையாட வா" என்று கை நீட்டுவோம். நகர முடியாத காலை மின்சாரம் அசைக்கட்டும். நகரக் கூடிய கால்களை நாமே அசைப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி