பொருளாசையும் சுயபலமும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளும் என் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது எங்கள் வீட்டு விவகாரம் மாதிரித் தெரியலாம். ஆனாலும் வாசியுங்கள். கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, பணம் புழங்குகிற இடத்துக்கெல்லாம் இந்த நோய் வரும்.

திருமண்டலத் தேர்தல் நெருங்க நெருங்க, "சார், எந்த அணிக்கு ஓட்டுப் போடலாம்?" என்று போனில் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். இந்த அணி வந்தால் சபை திருந்தும், அந்த அணி வந்தால் கெடும் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அணி மாறிப் பல தடவை பார்த்தாகிவிட்டது. நாற்காலியில் ஆள் மாறுகிறார், நாற்காலியைச் சுற்றியிருக்கிற ஆசை மாறுவதில்லை. அதனால் ஆட்களை விட்டுவிட்டு நோயைப் பற்றி எழுதுகிறேன்.

நோய்க்கு இரண்டு பெயர். ஒன்று பொருளாசை, மற்றது சுயபலம். முதலாவதைப் பற்றிப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். இரண்டாவதைப் பற்றிக் கேட்பது அபூர்வம். என் பார்வையில் இரண்டும் ஒரே நோய்தான். கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை குறையும்போது கை சேர்க்கத் தொடங்குகிறது. போதுமான அளவு சேர்ந்த பிறகு, இனிக் கடவுள் எதற்கு என்று மனசு தனக்குள் கேட்கத் தொடங்குகிறது. ஒன்றுக்கு மற்றது தீனி போடுகிறது.

லூக்கா 12ஆம் அதிகாரத்தில் வருகிற ஐசுவரியவானை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் திருடன் இல்லை. யாரையும் ஏமாற்றியதாக இயேசு சொல்லவில்லை. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட யோசிக்கிறான். அவன் பேச்சை மட்டும் கவனியுங்கள். மனைவியிடம் கேட்கவில்லை, வேலைக்காரரிடம் கேட்கவில்லை, ஜெபிக்கவும் இல்லை. தன்னோடு தானே பேசிக்கொள்கிறான். வாயைத் திறந்தால் நான், என் தானியம், என் களஞ்சியம். அந்த ராத்திரியே உயிர் போகிறது. அவனிடம் கேட்கப்பட்ட கேள்வி, நீ சேர்த்ததெல்லாம் இனி யாருக்கு என்பதுதான்.

இந்தக் கதையை இயேசு எப்போது சொன்னார் என்பதையும் பாருங்கள். கூட்டத்திலிருந்து ஒருவன், என் அண்ணன் தம்பி சொத்தில் எனக்குப் பங்கு தரவில்லை, நீர் சொல்லும் என்று கேட்ட பிறகுதான். நம்முடைய குடும்பங்களில் வரப்பு ஒரு முழம் நகர்ந்ததற்காகப் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் இல்லையா? ஒரே கோயிலில் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு, வெளியே வந்ததும் வேறு வேறு வாசல் வழியாகப் போகிறவர்கள் இல்லையா? சபை நிர்வாகிகளைக் குறை சொல்லுமுன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பொருளாசை மேடையில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது சுயபலம். நான் வரலாற்று வாத்தியார், எனவே ஒரு ஊரின் வரலாறு சொல்கிறேன். லவோதிக்கேயா. இன்றைய துருக்கி நாட்டில் தெனிஸ்லி நகருக்குப் பக்கத்தில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. வட்டிக்கடையும் வங்கித் தொழிலும் கொழித்த ஊர். கறுப்புக் கம்பளி நெசவுக்குப் பேர்போன ஊர். மருத்துவப் பள்ளியும் பக்கத்தில் இருந்தது. கி.பி. 60இல் பெரிய பூகம்பம் வந்து ஊர் தரைமட்டமானது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட ஊர்களுக்கு ரோமாபுரி அரசு உதவி கொடுக்கும். லவோதிக்கேயா ரோமின் உதவி இல்லாமல் தன் சொந்தப் பணத்திலேயே எழுந்து நின்றது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒரு ஊருக்கு இது பெருமைதான். நானே வகுப்பில் கைதட்டச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த ஊர்க் குணம் அங்கிருந்த சபைக்கும் ஒட்டிக்கொண்டது. வெளிப்படுத்தின விசேஷம் 3ஆம் அதிகாரத்தில் அந்தச் சபைக்கு வருகிற கடிதத்தை வாசித்துப் பாருங்கள். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொள்கிற சபை அது. வங்கி இருக்கிற ஊரில் நீ தரித்திரன், கம்பளி நெய்கிற ஊரில் நீ நிர்வாணி, மருத்துவம் படிக்கிற ஊரில் நீ குருடன் என்று கர்த்தர் சொல்கிறார். எதையெல்லாம் நம்பி நின்றார்களோ அதிலேயே கை வைக்கிறார்.

இயேசு கதவுக்கு வெளியே நின்று தட்டுகிற படம் நம் வீடுகளில் காலண்டராகத் தொங்கும். அவிசுவாசியின் இருதயக் கதவு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த வசனம் இருப்பது இதே லவோதிக்கேயா கடிதத்தில்தான். அது சபையின் கதவு. உள்ளே ஆராதனை நடக்கிறது, ஆண்டவர் வெளியே நிற்கிறார்.

இந்த இடத்தில் என் பிள்ளைகளில் யாராவது கேட்பீர்கள்: "சார், சொந்தக் காலில் நில்லுங்கள் என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்? இப்போது சுயபலம் பாவம் என்கிறீர்களே?" நல்ல கேள்வி. அதற்குப் பதிலும் நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்திலேயே மிஷனரி அனுப்புவதைப் பார்த்தார். அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்காமல் நம் ஆட்கள், நம் காணிக்கை, நம் நிர்வாகம் என்று தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியம் தொடங்கினார்கள். அசரியா 1912இல் அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர்.

அந்தக் காலத்துச் சபைகளை ஏழைகள்தான் தாங்கினார்கள். பனையேறிகள், கூலிக்காரர்கள், விதவைகள். சோறு வடிக்குமுன் உலையில் போடுகிற அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அதுதான் பிடியரிசிக் காணிக்கை. மிசோரம் மலைகளிலும் 1910இலிருந்து இந்த வழக்கம் இருக்கிறது, இன்றும் நடக்கிறது.

வித்தியாசம் புரிகிறதா பிள்ளைகளே? மனிதரிடம் கை நீட்டாமல் நிற்பது ஒன்று. கடவுளிடமும் கை நீட்டாமல் நிற்பது வேறு. ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த தாய்க்கு, மீதி அரிசி ராத்திரிக்குப் போதுமா என்று தெரியாது. எடுத்து வைத்துவிட்டு ஜெபிப்பாள். அவள் நின்றது சொந்தக் கால்தான், ஆனால் முழங்காலும் அவளுக்கு இருந்தது. நாங்கள் வகுப்பில் சொன்ன தன்னம்பிக்கை, உன் உழைப்பை நம்பு, பிறர் உழைப்பில் வாழாதே என்பது. கடவுளும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரனும் வேண்டாம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம்.

அறுப்பின் பண்டிகை ஏலம். முன்பு சேனைக்கிழங்கும் வாழைத்தாரும் வந்தன, ஏழை கொண்டு வந்ததைப் பணம் இருக்கிறவன் கூடுதல் விலை கொடுத்து எடுத்தான். அழகான காரியம். இன்று ஒரு தேங்காய் பல ஆயிரத்துக்குப் போகிறது, மைக்கில் பெயர் சொல்லி வாசிக்கிறார்கள். வாங்கியவர் அடுத்த தேர்தலில் வேட்பாளர்.

டி.வி. ஊழியங்கள். விதை விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள் என்று திரையில் கியூஆர் கோடு. கொடுத்தால் திரும்ப வரும் என்று சொல்லி வாங்குவது காணிக்கை அல்ல, சீட்டுக் கம்பெனி. அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் போன்றவர்கள் பரப்பிய இந்த உபதேசம், கடன் வாங்கிக் காணிக்கை போடுகிற நம் ஊர் ஏழை வீடுவரை வந்துவிட்டது. நோய் தீராவிட்டால் உன் விசுவாசம் போதாது என்று அவள் தலையிலேயே கட்டுகிறார்கள்.

பெரிய ஊழியங்கள் விழுந்த கதையும் நமக்குப் பாடம். சியோலில் டேவிட் யோங்கி சோ 1958இல் ஏழைகள் நடுவே கூடாரத்தில் தொடங்கிய சபை, உலகத்திலேயே பெரிய சபை என்று பெயர் எடுத்தது. ஜெபத்துக்குப் பேர்போன சபை. மகனுடைய நிறுவனப் பங்குகளைச் சபைப் பணத்தில் கூடுதல் விலைக்கு வாங்க வைத்ததாக 2014இல் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. சிங்கப்பூரில் சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் தலைவர்கள் 6 பேர் 2015இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஏறக்குறைய 5 கோடி சிங்கப்பூர் டாலர். போதகரின் மனைவியைப் பாப் பாடகியாக்கினால் ஊழியம் வளரும் என்று அதைத் திசை திருப்பியிருந்தார்கள். அந்தப் பணத்தைத் தங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள் என்று வழக்கில் சொல்லப்படவில்லை. எனக்கு அதுதான் பயம் தருகிறது. திருட நினைக்காதவர்களும், நாங்கள் திட்டமிட்டதே தேவசித்தம், எங்களை யார் கேட்பது என்று நினைத்தால் அதே குழியில்தான் விழுகிறார்கள்.

இதையெல்லாம்விட என் மனசை அறுக்கிற ஒன்று உண்டு. ஆசிரியர் வேலைக்குப் பணம். அரசு சம்பளம் கொடுக்கிற வேலைக்கு, மிஷனரிகள் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிகள் சிலவற்றில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். என்னிடம் படித்த ஒரு பெண். நன்றாகப் படிப்பாள், அவள் விளக்கினால் கடைசி பெஞ்சுக்கும் புரியும். பி.எட். முடித்தாள். தகப்பன் கொத்தனார், கேட்ட தொகைக்கு வழியில்லை. இன்று துணிக்கடையில் பில் போடுகிறாள். அந்தப் பணம் எங்கே போனது என்று எனக்குக் கவலையில்லை. அவள் நடத்தியிருக்க வேண்டிய வகுப்புகள் எங்கே போயின? பணம் கொடுத்து வந்தவர் முதல் நாளே கடனாளியாக வகுப்புக்குள் நுழைகிறார். அவரிடம் போய் நேர்மையைக் கற்றுக்கொள் என்று எந்தப் பிள்ளைக்குச் சொல்வது?

இதற்குச் சொல்கிற சமாதானம் எனக்குத் தெரியும். "சார், பணம் இல்லாமல் நிர்வாகம் நடக்காது. வழக்குச் செலவு இருக்கிறது, கட்டடம் இருக்கிறது." உண்மை, நிர்வாகத்துக்குப் பணம் வேண்டும். ஆனால் ஏழையின் மகளை வாசலில் நிறுத்தித்தான் அந்தப் பணம் வரவேண்டும் என்றால், கட்டடம் யாருக்கு? ஐசுவரியவானிடம் கேட்ட அதே கேள்விதான்.

என்ன செய்யலாம்? மூன்று காரியம் சொல்கிறேன். மூன்றும் நம் கைக்கு எட்டுகிறவை.

முதலாவது, ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். உங்கள் சபையின் வரவு செலவை ஆண்டுக்கு ஒரு தடவையாவது எல்லார் முன்னும் வாசிக்கச் சொல்லுங்கள், அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பணம் வாங்காமல் வேலை போடுவேன் என்று சபைக்கு முன்னால் நின்று சொல்வீர்களா? சொல்லாதவருக்கு, அவர் நம் சொந்தக்காரராகவே இருந்தாலும், ஓட்டு இல்லை.

இரண்டாவது, இன்று நல்ல நிலையில் இருக்கிற பிள்ளைகள், முக்கியமாக வெளிநாட்டில் இருக்கிறவர்கள், உங்கள் பிள்ளைக்கோ மருமகளுக்கோ வேலை வாங்கப் பணம் கட்டாதீர்கள். வாங்குகிறவர் இருப்பது கொடுக்கிறவர் இருப்பதால்தான். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை, உங்களுக்கு ஒருநாளும் திருப்பித் தர முடியாத ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுங்கள். பெயர்ப்பலகை வேண்டாம்.

மூன்றாவது, சொந்தபந்தங்களுக்கு. கோர்ட்டில் இருக்கிற நம் குடும்ப வழக்குகள் எவை என்று உங்களுக்கே தெரியும். இந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது, அசனச் சோறு சாப்பிடுமுன் ஒரு தடவை அண்ணன் வீட்டுப் படியேறுங்கள். அரை செண்ட் நிலம் போனால் போகட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். கோபப்பட மாட்டேன். இப்போது கையில் பிரம்பும் இல்லை. ஆனால் எந்த நிர்வாகியின் பெயரையும் இழுத்துத் திட்டி எழுதாதீர்கள், அழித்துவிடுவேன்.

துணிக்கடையில் இருக்கிற என் பிள்ளையே, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். உன் தகப்பனிடம் அந்தப் பணம் இல்லாததற்கு நீ வெட்கப்படாதே. கேட்டவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்