விளாச்சேரிக்கு மண் கோடையிலேயே வேண்டும்

கண்மாய்களில் களிமண் எடுக்க வட்டாட்சியரே கட்டணமின்றி அனுமதி தரலாம் என்று 2024இல் தமிழக அரசு எடுத்த முடிவு, விளாச்சேரி பொம்மைக் கலைஞர்களுக்கு உரிய காலத்தில் பயன்பட்டாக வேண்டும்.

கீழக்குயில்குடிக்கு அருகிலுள்ள இந்த ஊரின் கொலு பொம்மைகளும் விநாயகர் சிலைகளும் மதுரையைத் தாண்டிப் பெயர் பெற்றவை. இவற்றுக்கான களிமண் கிடைக்கும் கண்மாயில் நீர் ஏறிவிட்டால் கையிலிருக்கும் அனுமதிச் சீட்டால் பயனில்லை. அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே வைகாசி பிறப்பதற்குள் அனுமதிகளை வழங்கி முடிக்க வேண்டும். கலைஞர்களின் பெயரைச் சொல்லி வேறு எவரும் கண்மாயைச் சுரண்டாதபடி, மண் எடுக்கும் இடத்தையும் ஆழத்தையும் வருவாய்த் துறை கண்காணிக்க வேண்டும். மூலப்பொருளைக் காப்பதும் அதற்குச் சான்று தருவதும் இயலாதவை அல்ல: கென்யாவில் சிற்பங்களுக்காகக் கருமரம் வெட்டித் தீர்க்கப்பட்டபோது, காம்பா இனச் சிற்பிகள் பலர் விரைந்து வளரும் வேம்புக்கு மாறினர்; பொறுப்புடன் வெட்டிய மரம் என்ற சான்றோடும் சிற்பங்கள் சந்தைக்கு வந்தன.

நம் கடைகளிலோ பொம்மை எந்த ஊரில், எந்தப் பொருளில் செய்யப்பட்டது என்ற குறிப்பைக் காண்பதே அரிது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் தடை விதித்தது. 2023இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு, அவற்றை விற்கத் தனி நீதிபதி அளித்த அனுமதியை நிறுத்திவைத்தது. ஆயினும் களிமண்ணையும் பிளாஸ்டரையும் வாங்குபவர் எப்படிப் பிரித்தறிவார்?

தமிழக அரசின் கைவினைப்பொருள் நிறுவனமான பூம்புகார் இதில் முன்னே நடக்க வேண்டும். அதன் கொலு கண்காட்சியில் ஒவ்வொரு பொம்மையிலும் ஊர், மூலப்பொருள், செய்தவருக்குக் கிடைத்த விலை மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். புரட்டாசிக் கொலுவுக்கான முன்பணம் சித்திரையிலேயே கலைஞர்களின் கையில் சேர வேண்டும்.