வருகிறவர் தாமே வருவாரா?

கட்டற்ற மென்பொருள் எழுதுவோர் வட்டாரத்தில் நெடுநாளாக வழங்கிவரும் அபிப்பிராயம் ஒன்றுண்டு. மூலநிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடக்கிறது, வேண்டியவர் எடுத்துப் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். ஆகையால் சாமர்த்தியமுள்ளவன் அழைக்காமலே வந்து சேருவான், கைபிடித்து அழைத்துவர வேண்டியவன் வந்தும் பிரயோஜனமில்லை, அவனுக்குப் பாடம் சொல்லும் நேரத்தில் பராமரிப்பாளர் நாலு வழுக்களைத் தீர்த்துவிடலாம் என்பதே அதன் சாரம். சொல்லுகிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். பகலில் சம்பளத்துக்கும் இரவில் சம்பளமின்றியும் உழைக்கிறவர்கள். ஆகவே அவர்கள் கூற்றை மரியாதையோடு, ஆனால் கூறு கூறாகப் பிரித்துப் பார்ப்பதே நியாயம்.

லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸை யார் அழைத்தார்கள் என்பது அவர்கள் முதலில் எடுத்துவிடும் கேள்வி. 1991 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த அவர், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார் என்பது மெய்தான். எந்தச் சபையில் அறிவித்தார் என்பதை நம் நண்பர்கள் சொல்லுவதில்லை. ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர், மாணவர்கள் படித்துப் பழகவென்றே மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தை எழுதி, 1987-இல் அதன் நிரலையும் சேர்த்தே பாடபுத்தகம் வெளியிட்டிருந்தார். அந்த மினிக்ஸைப் பயின்றவர்கள் கூடிப் பேசிய குழுவிலேதான், இதில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று கேட்டுக்கொண்டு அந்த மாணவர் வந்தார். ஆரி லெம்கே என்பவர் தம் பொறுப்பிலிருந்த சர்வரில் இடம் ஒதுக்கி, அந்த இடத்துக்கு லினக்ஸ் என்று பெயரும் வைத்தார். ஆசிரியரும், புத்தகமும், பதில் சொல்லும் கூட்டமும், இடம் கொடுத்த உபகாரியும் சூழ வந்தவரைத் தானாக முளைத்தவர் என்பது சரித்திரத்தைப் பாதியில் மூடிவைத்ததன் பலன். மேலும், வந்து நிலைத்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்து வழி சுலபம் என்று தீர்ப்புச் சொல்லுவது, கரையேறியவர்களிடம் மட்டும் ஆற்றின் ஆழத்தை விசாரிப்பதற்கு ஒப்பாகும். பதில் வராமல் திரும்பிப் போனவர், போகிறேன் என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டா போகிறார்?

அடுத்தபடியாக, நிரலுக்கு ஆண் பெண் தெரியாது, நாடு தெரியாது, தகுதி ஒன்றே தெரியும்; எனவே யாரையும் தனியாக அழைக்க வேண்டியதில்லை என்று ஒரு வாதம். கேட்பதற்கு இது வெகு அழகாயிருக்கிறது; பிரத்தியட்ச அனுபவமோ வேறு விதமாயிருக்கிறது. கூகுள் நிறுவனம் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துக் கோடை விடுமுறையில் இத்தகைய மென்பொருளில் வேலை செய்யவைக்கும் திட்டத்தை 2005-இல் ஆரம்பித்தது. மறு ஆண்டு, லினக்ஸுக்குத் திரைமுகப்பு அமைக்கும் க்னோம் திட்டத்துக்கு அதன் வழியே 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணொருத்தி அனுப்பியதன்று. பெண்களுக்கு இதில் ருசியில்லை போலும் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அப்படிச் சொல்லத் தயாராக இருந்தவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் க்னோம்காரர்கள் அதே கோடையில், பெண்களுக்கென்றே வெளிப்படையாக ஓர் அழைப்பு விடுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் மனு அனுப்பினர். ஆறு பேரை எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சில வாரங்களுக்குள் நிரல் மாறவில்லை, அதைக் கற்கும் கஷ்டமும் குறையவில்லை. உங்களைத்தான் கூப்பிடுகிறோம் என்று முகம் பார்த்துச் சொல்லியது ஒன்றே புதிது. அந்த முயற்சிதான் இடையில் நின்று, 2010-இல் மறுபடி தொடங்கி, பிற்பாடு அவுட்ரீச்சி என்ற பெயரில் பல திட்டங்களுக்கும் பரவியது. அங்கே மனுச்செய்கிறவர் தேர்வுக்கு முன்னரே அந்தத் திட்டத்தில் ஏதேனும் ஒரு சிறு வேலையைச் செய்து காட்ட வேண்டும். அப்போது வழிகாட்டுவதற்கு இன்னார் என்று பெயர் குறித்து ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பார். தகுதியைப் பார்க்காமல் சலுகை கொடுக்கிறார்கள் என்று குறைகூறுவோர் இந்த நிபந்தனையைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சரி, அழைப்போம், அதற்காக ஆள் எதற்கு, சுலபமான வழுக்களின்மேல் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று சீட்டு ஒட்டிவிட்டால் போதாதா, பரிசு ஒன்றும் வைத்தால் கூட்டம் வராதா என்பார் சிலர். கூட்டம் வரத்தான் வந்தது. ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்னும் பங்களிப்பு விழாவில், 2020-இல், பரிசான டி-ஷர்ட்டுக்கு ஆசைப்பட்டவர்கள், யார் யாருடைய ரீட்மீ கோப்பிலோ ‘அமேசிங்’ என்ற ஒரு சொல்லைச் செருகி அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் என்னும் திருத்தக் கோரிக்கைகளைத் தள்ளித் தள்ளிப் பராமரிப்பாளர்கள் சலித்துப்போகவே, விருப்பம் தெரிவித்த திட்டங்களை மட்டுமே கணக்கில் கொள்வதென்று நடத்துவோர் அந்த மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்ற நேர்ந்தது. இதற்கு நேர்மாறாக, லினக்ஸைத் தொகுத்து வழங்கும் டெபியனில் நடப்பதைப் பாருங்கள். புதிதாய் வந்த ஒருவர் சிறு கருவி ஒன்றைப் பொதியாகக் கட்டுகிறார்; லிண்டியன் என்ற சோதனை நிரல், கையேட்டுப் பக்கம் இல்லை, காப்புரிமைக் கோப்பில் உரிமத்தின் விவரம் போதாது என்று வரிவரியாகக் குற்றம் சொல்லுகிறது; அவர் திருத்திவைத்து, இதை ஏற்றித்தர யாரேனும் முன்வருவீர்களா என்று கேட்கிறார். முன்வருகிற பழைய உறுப்பினர் பொதியைப் பிரித்து, கட்டிப் பார்த்து, இன்னும் இரண்டு பிழைகளைச் சுட்டி, கடைசியில் தம்முடைய சொந்தச் சாவியால் கையொப்பமிட்டு ஏற்றுகிறார். அதில் கோளாறு நேர்ந்தால் அவர் பெயரும் கெடும். சீட்டு ஒட்டுகிறவருக்கு அந்தப் பொறுப்பு ஏதும் இல்லை.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற ஆட்சேபமே மற்றவற்றைவிடப் பலமானது. கோடைத் திட்டத்தில் உதவித்தொகை முடிந்ததும் மறைந்துவிடுகிற மாணவர்கள் உண்டு. அவர்களுக்காகச் செலவிட்ட மாலைப்பொழுதுகள் வியர்த்தமே. டெபியனே 1999-இல் விண்ணப்பங்களைச் சமாளிக்க முடியாமல் கதவைச் சாத்தியது. ஆனால் சாத்தியபடியே இருந்துவிடவில்லை. ஒவ்வொரு மனுதாரரையும் ஒவ்வோர் உறுப்பினர் பொறுப்பேற்று விசாரிக்கும் புதிய ஏற்பாட்டோடு 2000-இல் மறுபடி திறந்தது. பாரம் சிலர் தலையில் இருந்து பலர் தோளுக்கு இறங்கியது. எல்லா உதவிக்கும் ஒரே விலையும் இல்லை. முதல் திருத்தத்துக்கு 48 மணி நேரத்துக்குள் மதிப்புரை பெற்றவர்கள் மீண்டும் வந்து பங்களிப்பது மிக அதிகம் என்று மொஸில்லா தன் அனுபவத்தில் கண்டிருக்கிறது. முழு விடை எழுத நேரமில்லாத நாளிலும், பார்த்தேன், சனிக்கிழமை விவரமாக எழுதுகிறேன் என்று ஒரு வரி எழுத எவருக்கும் முடியும்.

அந்நியரை நம்பி உள்ளே விடுவது ஆபத்து என்ற கடைசி வாதம் 2024 மார்ச்சுக்குப் பிறகு பலம் பெற்றிருக்கிறது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரல் நூலகத்தில் ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்று, முடிவில் கள்ளவழி ஒன்றைப் புகுத்தினார். தொலைவிலுள்ள கணினிக்குள் புகும் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை விநாடி தாமதிப்பதைக் கண்டு சந்தேகித்த ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்பவர் இல்லாவிட்டால் அது எங்கெங்கோ பரவியிருக்கும். ஆனால் அந்த நூலகத்தைத் தாங்கிநின்றவர் ஒரே ஒருவர். வேலை மெதுவாக நடக்கிறதென்று முகமறியாத பெயர்களால் நச்சரிக்கப்பட்டவர். கைகொடுக்க வேறெவரும் அருகில் இல்லாதவர். நல்ல எண்ணத்தோடு இன்னும் இருவரை முன்பே பழக்கியிருந்தால், புதியவரின் ஒவ்வொரு வரியையும் பார்க்க வேறு கண்களும் இருந்திருக்கும். ஹார்ட்பிளீட் வழுவும் அப்படித்தான்: இணையச் செய்திகளை மறைத்தனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 2012-இல் வெளிவந்த பதிப்பில் இருந்துகொண்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே கவனித்துவந்த அந்த நிரலில் 2014 ஏப்ரல் வரை அகப்படாமல் கிடந்தது. பெரிய திட்டங்களுக்கு வழிகாட்டும் முறை ஏதோ ஒருவிதமாக அமைந்துவிட்டது. இத்தகைய சிறு நூலகங்களுக்குத்தான் நாதியில்லை. அவற்றின்மேல் வியாபாரம் நடத்தும் கம்பெனிகள், வாரத்தில் ஒரு நாள் தம் எஞ்சினியர் ஒருவரை அங்கே அனுப்பி, அந்த ஒற்றைப் பராமரிப்பாளரின் கீழ் வேலை கற்கச் செய்யலாம்; கற்பவர் சம்பளம் வாங்குவதோடு, கற்றுக்கொடுப்பவருக்கும் அந்த நாளுக்கு ஊதியம் கிடைக்கும்படி ஒப்பந்தம் எழுதிக்கொள்வதில் தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.